கழுத்தழுக்கு

வெள்ளிக்கிழமை விடியலில் எங்கள் ஆயா என்னைக் கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்துக் கழுத்தைத் தேய்ப்பாள். முதலில் பயத்தம் மாவு. அடுத்து பீர்க்கங்கூடு. அதற்கும் போகாவிட்டால் எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு ஒரு தேய்ப்பு. எனக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பின்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கருமை படர்ந்திருந்தது. தொட்டால் வெல்வெட்டுத் துணிபோலச் சற்றுத் தடித்திருக்கும். "பொட்டப்புள்ள கழுத்து இப்பிடியாடி இருக்கும்? குளிக்கிறியா, தண்ணிய காட்டிட்டு வரியா?" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும். கருமை அப்படியே இருக்கும்.

இரட்டைச் சடையை மடித்துக் கட்டினால் கழுத்து தெரியும். மடிக்காமல் போனால் டீச்சர் திட்டுவார். நான் டீச்சரின் திட்டைத் தேர்ந்துகொண்டேன்.

அது அழுக்கில்லை என்று தெரியவர இன்னும் பதினாறு வருடம் ஆயிற்று. 2009இல் கர்ப்பமாக இருந்தபோது வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அம்மாவோடு போயிருந்தேன். அந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கழுத்தைப் பார்த்தார். "வீட்ல யாருக்குச் சுகர்? அம்மாவுக்கா?" என்றார். அந்தக் கருமைக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயராம். உடம்பின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிகொடுக்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருக்குகிறது. கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கிறது. ஆயா அத்தனை வெள்ளிக்கிழமையும் தேய்த்தது இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறியை.

75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்தி, 2007இல் தமிழ்நாடு அதை ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. எனக்கு 168. "இவ்ளோ படிச்சிருக்கீங்க, வாயக் கட்டத் தெரியலையா?" என்று செவிலியர் ஒருவர் கேட்டார். நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தேன். அதற்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

கண்ணமங்கலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் கணியம்பாடி தாண்டும்வரை அம்மா பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்போ நான்தான் குடுத்தேனா?"

"இல்லம்மா" என்றேன், யோசிக்காமல்.

யோசிக்காமல் சொன்ன அந்தப் பதிலை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இதற்கு யார் குற்றவாளி என்பது மற்றது. முதலாவது அறிவியலின் கேள்வி. இரண்டாவதை நம் வீடுகள் எப்போதும் முதல் கேள்வியின் முதுகிலேயே ஏற்றி அனுப்புகின்றன.

நான் தமிழ் கற்பிக்கிறவள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று தொடங்குகிற அந்த இயல் நால்வகை வருணத்தாருக்கு உரியவை எவை என்பதுவரை போகிறது. வருணம் பேசும் பகுதி இடைச்செருகல் என்று வாதிடுகிற அறிஞர்கள் உண்டு. எங்கள் கல்லூரியில் நான்கு அறை தள்ளி விலங்கியல் துறையில் நடக்கும் ஒரு பாடத்துக்கும் மரபியல் என்றே பெயர். ஜீனைப் பற்றிய அறிவியலுக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் நல்ல சொல்லைத்தான் தேர்ந்தார்கள். ஆனால் சொல்லோடு அதன் பழைய வாசனையும் வந்துவிடுகிறது. மரபணு என்றதும் நம் காதில் விழுவது குலம்.

கல்யாண மண்டபங்களில் கேட்டிருப்பீர்கள். பாயசத்தை மறுக்கிற ஒரு பெரியவர், "எங்க ஜனத்துல சுகர் இல்லாத வீடே கிடையாதுங்க" என்பார். நஞ்சை இருப்பதைச் சொல்வதுபோன்ற ஒரு குரல். மறுபுறம், ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து விற்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்களைக் காட்டி, "அவங்களுக்கு இதெல்லாம் வராது, அவங்க ரத்தம் வேற" என்பார்கள். ரத்தம் வேறு என்பது இந்த மண்ணில் எதற்கெல்லாம் பயன்பட்ட வாக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ அறுபது வயதிருக்கும், எங்கள் வீட்டுக்குச் சாமை போடுகிற அக்கா போன வருடம் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார். விற்பதற்குச் சாமை கொண்டுவருகிறவர், வீட்டில் ரேஷன் அரிசி சமைக்கிறார். முன்பு நடந்து இறங்கிய தூரத்தை இப்போது பஸ்ஸில் வருகிறார். ரத்தம் அதேதான்.

இனத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தொடர்பு இருக்கிறது, அளந்தும் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். வெள்ளையர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 30இல் இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் நமக்குப் பருமனின் வரம்பு 25 என்றும், பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் தனியாக வைத்திருக்கிறார்கள். (புடவைக் கொசுவத்தின்மேல் டேப்பைச் சுற்றி அளக்கிற கொடுமை தனிக்கதை.) ஆனால் அந்த 23.9 என்ற எண்ணுக்கு 'தெற்காசியர்' என்பது ஒரே கட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து போனவளும் பஞ்சாபிலிருந்து போனவளும் சில்ஹெட்டிலிருந்து போனவளும் அதில்தான் அடங்குகிறார்கள். கட்டம் ஆபத்தைக் காட்டுகிறது. ஆபத்து ஏன் வந்தது என்பதைக் கட்டம் சொல்லாது.

ஜீன் என்பதுதான் காரணம் என்று முதலில் பெரிதாகச் சொன்னவர் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர், 1962இல். பஞ்சமும் மிகுதியும் மாறி மாறி வந்த காலத்தில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமிக்கத் தெரிந்த உடம்பு பிழைத்தது. இன்று பஞ்சமில்லை, சேமிக்கும் ஜீன் மட்டும் மிஞ்சிவிட்டது என்றார். சிக்கன ஜீன் என்று அதற்குப் பெயர். கேட்க அழகான கதை. பஞ்சத்தில் அதிகம் சாகிறவர்கள் குழந்தைகளும் முதியவர்களும்தான், மெலிந்தவர்களாகப் பார்த்துப் பஞ்சம் பொறுக்குவதில்லை என்று பின்னால் ஜான் ஸ்பீக்மன் மறுத்தார்.

சிக்கன ஜீனுக்கு எல்லாரும் காட்டிய உதாரணம் அரிசோனாவின் பீமா பழங்குடியினர். உலகிலேயே மிக அதிக நீரிழிவு உள்ள மக்களில் அவர்களும் உண்டு. அவர்களோடு மரபில் நெருங்கிய பீமாக்கள் மெக்சிகோவின் மலைப்பகுதியில் விவசாயம் செய்து வாழ்கிறார்கள். 2006இல் இருவரையும் ஒப்பிட்டார்கள். அரிசோனாவில் 38 சதவீதம், மெக்சிகோவில் 6.9. அரிசோனா பீமாக்களின் சொந்தப் பெயருக்கு ஆற்று மக்கள் என்று பொருள். கீலா ஆற்றில் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பட்டினி வந்தது, பின்பு அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் உணவாயின. மணல் மட்டும் ஓடும் எங்கள் நாகநதியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தக் கதையில் ஜீன் இரண்டாவதாகத்தான் தெரியும்.

மொரீஷியஸ் இன்னும் நெருக்கம். வட ஆற்காட்டிலிருந்தும் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. 1987இல் அங்கே கணக்கெடுத்தபோது இந்திய வம்சாவளியினருக்கு நீரிழிவு மிக அதிகமாக இருந்தது. இந்திய ரத்தம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்களுக்கும் சீன வம்சாவளியினருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. மூன்று வெவ்வேறு வழி முன்னோர்கள், ஒரே தீவு.

சமோவாத் தீவினரிடம் 2016இல் ஒரு ஜீன் மாறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதை உடையவர்களுக்கு உடல் பருமன் கூடுகிறது. ஆனால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது. பருத்தவளைப் பார்த்ததும் நோயைக் கணிக்கிற நம் கண்ணுக்கு இது ஓர் அடி. இரண்டாம் வகை நீரிழிவுக்கு என்று ஒற்றை ஜீன் கிடையாது. ஒவ்வொன்றும் மிகச் சிறிதாகத் தள்ளுகிற நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் இருக்கின்றன. அவற்றுள் வலுவானது என்று சொல்லப்படும் ஒன்றை 2006இல் ஐஸ்லாந்து மக்களிடம் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே அது நம்மவர்களிடமும் வேலை செய்கிறது என்று உறுதிசெய்தார்கள். பனித்தீவுக்காரருக்கும் புனேக்காரருக்கும் பொது. அகமணத்தால் சாதிக்குள் அடைபட்டுச் சில அரிய பரம்பரை நோய்கள் தேங்குவது உண்மை. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் அதில் பங்கேற்ற ஆய்வு 2017இல் வந்தது. ஆனால் அது வேறு வகை நோய். பாயசத்தை மறுத்த பெரியவரின் பெருமைக்கு அதில் இடமில்லை.

ஆகவே, குலத்தின்மேல் பழியைப் போட்டு அம்மாவை விடுவிக்க என்னால் முடியவில்லை. இதைவிடக் கடினமான ஓர் ஆய்வு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருந்தது.

1990களின் தொடக்கத்தில் டேவிட் பார்க்கர், நிக் ஹேல்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் நீலின் வாதத்தைத் திருப்பிப்போட்டார்கள். சிக்கனத்தைக் கற்றுக்கொடுப்பது ஜீனாக இருக்கத் தேவையில்லை. கருவில் உணவு குறைந்தால் சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு, கணையத்திலும் தசையிலும் கை வைக்கிறது. அப்படி வளர்ந்த உடம்புக்குப் பிற்பாடு மிகுதியாகச் சோறு கிடைத்தால் தாங்குவதில்லை. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993 முதல் ஆறு கிராமங்களில் பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தொடர்ந்தார். அந்தத் தாய்மார்களின் சராசரி எடை 42 கிலோ அளவுதான். குழந்தைகளின் பிறப்பெடை சராசரியாக 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய விட்டுக்கொடுக்கப்படவில்லை. மெலிந்து பிறந்து உள்ளே கொழுத்த குழந்தை.

2004இல் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. உலகம் முழுக்கப் பாடம் நடத்தப் பயன்படுகிற படம் அது. இரண்டு ஆண்கள் சட்டையோடு சிரிக்கிறார்கள். நாற்பத்திரண்டு கிலோப் பெண்கள் படத்தில் இல்லை.

அந்தப் பெண்களைப் பற்றி அதே ஆய்வு சொன்ன இரண்டு விஷயங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கர்ப்பிணி எவ்வளவு கலோரி சாப்பிட்டாள் என்பதைவிட, கீரையும் பழமும் பாலும் அவளுக்குக் கிடைத்ததா என்பதே குழந்தையின் அளவோடு தொடர்புகொண்டிருந்தது. இரண்டாவது, அவள் வயலிலும் வீட்டிலும் செய்த வேலையைக் கணக்கெடுத்தார்கள். வேலை கூடக் கூடக் குழந்தை சிறுத்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கே.வி. குப்பத்துக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை எடைபோட்டுப் பதிந்து வைத்தது. அவர்களுள் கண்டுபிடிக்க முடிந்தவர்களை அவர்கள் முப்பதை நெருங்கும்போது மறுபடி சோதித்தார்கள். அந்த இளம் வயதிலேயே குளுக்கோஸைக் கையாளத் தடுமாறும் உடம்புகள் நிறைய இருந்தன. நகரத்தில் அதிகம், கிராமத்திலும் கணிசம். சிறுவயதில் மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை ஏறியவர்களுக்கே ஆபத்து கூடுதல். என் அக்காவின் வயதுக்காரர்கள் அவர்கள்.

இதைப் படித்தபோது நான் என் சாப்பாட்டுத் தட்டை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பத்து வயதுவரை என்னைக் காற்றடித்தால் விழுந்துவிடுவாள் என்பார்கள். கேழ்வரகுக் கூழ், மோர், பச்சை மிளகாய். வயதுக்கு வந்ததும் காட்சி மாறியது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. உறவுக்காரர்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இந்த ஊர் வயிறு நிறையச் சோறு போடுவது அப்போதுதான். பசிக்காக அல்ல, கர்ப்பப்பைக்காக. ஆறு மாதத்தில் பூசினாற்போல ஆனேன், அடுத்த வருடம் கழுத்து கறுத்தது. என் உடம்பில் இப்படித்தான் நடந்தது என்று நிரூபிக்க வழியில்லை. ஒரு தனி உடம்பைப் பற்றி ஓர் ஆய்வும் அப்படிச் சொல்லாது.

அம்மா என்னைச் சுமந்தது 1978இல். "ரொம்பத் தின்னாதடி, புள்ள பெருத்துட்டா வெளிய வராது" என்று மாமியார் சொல்லி, அரை வயிறு சாப்பிட்டாள். பிரசவத்தில் செத்த பெண்களைப் பார்த்திருந்த மாமியார்கள் பயத்தில் கொடுத்த யோசனை அது. மல்லாட்டை பிடுங்கும் பருவம். வலி வந்த அன்று காலையிலும் கொல்லையில்தான் இருந்தாள். வீட்டில் மல்லாட்டை மூட்டை நிறுக்கத் தராசு இருந்தது. என்னை யாரும் நிறுக்கவில்லை.

ஆக, வந்தது அம்மாவின் வயிற்றிலிருந்து என்று சொல்ல அறிவியலில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது. ஏனெனில் தாயின் தலையை வெட்டிய ஊருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளிக்கு நடந்தே போகிறவர்கள் நாங்கள். தண்ணீர் எடுக்கப் போனவள் ஒரு கணம் தடுமாறினாள் என்று கணவன் தீர்ப்புச் சொன்னான், மகன் வெட்டினான். தலையை மட்டும் வைத்துக் கும்பிட்டுக் கூழ் ஊற்றுகிறோம். தாயைக் குற்றவாளியாக்கிவிட்டுப் பிறகு தெய்வமாக்குவதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு. 2014இல் சாரா ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எச்சரித்ததும் இதைத்தான். கருவறை ஆய்வுகளின் பேரில் தாய்மாரைப் பழிக்காதீர்கள், தந்தையின் பங்கும் சமூகத்தின் பங்கும் எங்கே போயின என்று கேட்டார்கள்.

தந்தையின் பங்கு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. அப்பாவுக்கும் சுகர் இருந்தது. காலில் ஆறாத புண் வந்து, அதற்கப்புறம்தான் தெரிந்தது. சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழு 2005இல் வெளியிட்ட நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறையில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. அப்பாவா அம்மாவா என்று அந்தக் கணக்கு பேதம் பார்ப்பதில்லை. ஆனால் டாக்டரம்மா கேட்டது அம்மாவை. பஸ்ஸில் கேள்வி கேட்டதும் அம்மா. அப்பா இறக்கும்வரை ஒருநாளும் "நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றாததை அவருடைய கல்மனம் என்று சொல்ல மாட்டேன். கேட்கத் தேவையில்லாத இடத்தில் அவர் பிறந்திருந்தார்.

இன்னும் பின்னால் போகலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. வட ஆற்காடும் அடிபட்ட மாவட்டம். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அது போதாது என்று எதிர்த்தார். அந்தப் பசி ஐந்து தலைமுறை தாண்டி என் கணையத்தில் குந்தியிருக்கிறது என்று ஒரு கவிதை எழுதினேன், பாராட்டும் கிடைத்தது. இப்போது அந்தக் கவிதையை நான் நம்புவதில்லை. மனிதரில் பசியின் தடம் அத்தனை தலைமுறை தாண்டும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. அத்தனை தூரம் போகத் தேவையும் இல்லை. தாது வருடம் முடிந்தபிறகும், மழை பெய்த வருடங்களிலும், பஞ்சம் இல்லாத வீட்டிலும், கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு அந்த ஒரு பவுண்டு நீடித்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக அளந்து கொடுத்தார்கள். அளந்து கொடுத்தவர்களை விட்டுவிட்டு டெம்பிளைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

ஏனென்றால், அளந்து கொடுத்த கைகளில் அம்மாவின் கையும் உண்டு. இதைத்தான் இத்தனை பக்கமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கோழியில் ஒன்றுதான் ஒழுங்காக முட்டையிடும். அந்த முட்டை தம்பிக்கு. நான் கேட்டதில்லை, கேட்கக் கூடாது என்று தெரியும். பால் வாங்கிய நாளில் அப்பாவுக்கு டீ, தம்பிக்குப் பால், எனக்கும் அக்காவுக்கும் டீயின் மிச்சம். பெண்ணியம் படித்த பிறகு இதை அமைப்பு என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அமைப்பு என்ற சொல் உண்மை. ஆனால் உரித்த முட்டையை அவன் தட்டில் வைத்த விரல்களுக்கு முகம் இருந்தது, அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் தெரியும் நான் பார்த்தது. தன்னைப் பட்டினி போட்டுக்கொண்டவள் மகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு வேறு வழி இருந்ததா? கொஞ்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை ஒரு முட்டையைத் தன் மூன்று பெண்களுக்கும் நூலால் அறுத்துக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கதை நீதிக்கதையாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டை சாப்பிட்ட தம்பிக்கு நாற்பத்தியொரு வயதில் சுகர் வந்தது. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கிறான், ராத்திரி புரோட்டா. அவனும் அதே வயிற்றில் அரைப்பட்டினியில் கிடந்தவன்தான். அவனுக்கு வந்தபோது குடும்பம் "வியாபார டென்ஷன்" என்றது. எனக்கு வந்தபோது "வாயைக் கட்டத் தெரியாதவள்."

வகுப்பில் தொல்காப்பிய மரபியல் நடத்தும்போது இப்போதெல்லாம் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தக் கழுத்துக் கதையைச் சொல்கிறேன். முதன்முறை சொன்னபோது கடைசி பெஞ்சில் ஒருத்தி துப்பட்டாவை இன்னொரு சுற்று இழுத்துக்கொண்டாள். மணியடித்தபின் வந்து, "மேம், பியூட்டி பார்லர்ல ப்ளீச் பண்ணேன், போகல" என்றாள். மாதவிலக்கு நான்கு மாதமாக வரவில்லையாம். சினைப்பை நீர்க்கட்டி என்று பின்னால் தெரிந்தது. அதற்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் நெருங்கிய உறவு. அவள் வீட்டில் அதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று கவலைப்படத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். "அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். போனார்களா என்று கேட்டேன். அம்மாதான் போனாராம்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து. பிறந்தபோது 2 கிலோ 900 கிராம், அது எழுதப்பட்டிருக்கிறது. முட்டை அவளுக்கு ஒரு பிரச்சினையில்லை. கைப்பேசியும் டியூஷனும்தான் பிரச்சினை. போன ஆடியில் கண்ணமங்கலத்துக்குப் போயிருந்தபோது அவள் கொண்டையை உயர்த்திக் கட்டியிருந்தாள். கழுத்தில் மெல்லிய நிழல்போல அது தொடங்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், நான் பார்ப்பதையும் பார்த்தாள். ஆயாவைப்போலப் பயத்தம் மாவு எடுத்துவரப் போவாளோ என்று நினைத்தேன். பேசாமல் கூழைக் கலக்கினாள்.

மகள் உறங்கியபின் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் புனே ஆய்வைச் சொன்னேன். கீரை, பால், பிறகு வேலைக் கணக்கு.

"அந்தப் பொம்பளைங்க செய்ற வேலைய கூடவா எழுதிக்கினாங்க?"

"எழுதினாங்கம்மா."

"பரவால்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அன்னிக்கு பஸ்ஸுல இல்லன்னு சொன்னது பொய்தானே?"

நான் முட்டையைப் பற்றிப் பேசினேன். நாற்பது வருடத்தில் முதன்முறையாக. என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அக்காவின் டீயைப் பற்றியும் சொன்னேன். அத்தை நூலால் அறுத்ததையும் சொன்னேன். அம்மா அழவில்லை, மறுக்கவும் இல்லை. புடவைத் தலைப்பால் திண்ணைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதப் போறியா இத?"

"தெரியலம்மா."

"எழுதறதா இருந்தா முட்ட அவனுக்குத்தான் குடுத்தேன்னு எழுது" என்றாள். "ஒரு முட்டதான் இருந்துதுன்னும் எழுது."